டிரைவரில் எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது: டெவ்எம் எதைச் சுலபமாக்கும், எதை ஆக்காது

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். லினக்ஸ் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஒரு சிறிய சாதனத்துக்கு டிரைவர், அதாவது அதை இயக்கும் நிரல், எழுதியிருக்கிறீர்கள். சாதனம் கிடைத்ததும் கெர்னல் அழைக்கும் ப்ரோப் ஃபங்ஷன் 180 வரி. அதில் பாதி, ஏதாவது பிழை வந்தால் அதுவரை எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் கோ-டூ (வேறு வரிக்குத் தாவும்) லேபிள்கள். மெமரி, கிளாக் போலப் புதிதாக ஒரு ரிசோர்ஸைச் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் எங்காவது ஒன்று விட்டுப்போகிறது. எடுத்ததைத் தானாகவே திருப்பிக் கொடுக்கும் டெவ்எம் ஃபங்ஷன்களுக்கு எல்லாவற்றையும் மாற்றிவிட்டால், டிரைவர் பிரியும்போது ஓடும் ரிமூவ் ஃபங்ஷனையே தூக்கிவிடலாமா, அதில் ஆபத்து ஏதும் உண்டா என்று கேட்கிறீர்கள்.

பெரும்பாலும் தூக்கிவிடலாம். ஆனால் டெவ்எம்மை வெறுமனே "மறக்காமல் ஃப்ரீ செய்து தரும் வசதி" என்று நினைத்துக்கொண்டு மாற்றினால், மெமரிக் கசிவு போய் அதைவிடப் பொல்லாத ஒன்று அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். டிரைவரை மூடும்போது நம்மைப் படுத்துவது வரிசை. எதை முதலில் விடுவது, எதை அப்புறம் விடுவது என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். (ஃபங்ஷன் பெயர்களை வாயால் சொல்வதுபோலவே எழுதுகிறேன். கெர்னல் கோடில் இருக்கும் எழுத்துகளை நீங்களே பொருத்திக்கொள்ளலாம்.)

முதலில் உங்கள் 180 வரி எப்படி வளர்ந்தது என்று பார்ப்போம். ஒரு சராசரி டிரைவர் ப்ரோப்பில் என்ன செய்கிறது? தனக்கு வேண்டிய ஸ்ட்ரக்டுக்கு மெமரி எடுக்கிறது, ரெகுலேட்டரை (மின்சாரம் தருவது) ஆன் செய்கிறது, கிளாக்கை (துடிப்பு தருவது) ஓட விடுகிறது, ரெஜிஸ்டர்களை (சாதனத்தின் கட்டுப்பாட்டு இடங்கள்) மேப் செய்கிறது, இன்டரப்டை (சாதனம் கவனிக்கச் சொல்லி எழுப்பும் சைகை) கேட்டு வாங்குகிறது, கடைசியாகக் கெர்னலின் ஏதோ ஒரு சப்சிஸ்டத்தில் (துறையில்) தன்னைப் பதிவு செய்துகொள்கிறது. மொத்தம் 6 படிகள். 2-வது படி தோற்றால் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், 6-வது தோற்றால் ஐந்தை. ஒவ்வொரு தோல்வியிடத்திலும் நேரடியாக எழுதினால் 1+2+3+4+5, ஆக 15 விடுவிப்புகள். இதைக் குறைக்கத்தான் கோ-டூ. ஃபங்ஷனின் அடியில் லேபிள்களைத் தலைகீழ் வரிசையில் அடுக்கினால் 15 என்பது 5 ஆகிவிடும். கெர்னலின் கோடிங் ஸ்டைல் ஆவணமே இதைத்தான் பரிந்துரைக்கிறது. லேபிளுக்கு எர்1, எர்2 என்று எண் போடாமல், அங்கே போனால் என்ன நடக்கும் என்பதைப் பெயராக வைக்கச் சொல்கிறது. நல்ல ஆலோசனை. நடுவில் ஒரு படியைச் செருகும்போது எண் போட்ட லேபிள்கள் அத்தனையும் பொய்யாகிவிடும்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. ரிமூவ் ஃபங்ஷனிலும் இதே 6 விடுவிப்புகளை இதே தலைகீழ் வரிசையில் இன்னொரு தடவை எழுதுகிறோம். ஒரே வரிசை மூன்று இடங்களில் இருக்கிறது: ப்ரோப்பில் நேராக, அதன் அடியில் தலைகீழாக, ரிமூவில் மறுபடி தலைகீழாக. ஒன்றை மாற்றிவிட்டு மற்ற இரண்டை மறந்தால் கம்பைலர் வாயே திறக்காது. சாதனம் சரியாக இருக்கும்வரை அந்தக் கோடு ஓடுவதும் இல்லை. நீங்கள் விட்டுவிடுவது கவனக்குறைவால் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இந்த அமைப்பு யாரையும் தவற வைக்கும்.

"பிழைப் பாதைதானே, எப்போதாவது ஓடுவது" என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளவும் முடியாது. இன்றைய கெர்னலில் ப்ரோப் தோற்பது அன்றாட நிகழ்ச்சி. உங்கள் டிரைவருக்கு வேண்டிய கிளாக்கையோ ரெகுலேட்டரையோ தரும் டிரைவர் இன்னும் ஏறவில்லை என்றால், அதைக் கேட்கும் ஃபங்ஷன் -517 என்ற எண்ணைத் திருப்பித் தரும். ஈப்ரோப்_டிஃபர் என்பது அதன் பெயர். நீங்கள் அதை அப்படியே மேலே அனுப்பினால் கெர்னல் உங்களை வரிசையில் நிறுத்தி வைத்துப் பிற்பாடு மறுபடி ப்ரோப்பை அழைக்கும். கணினி ஒரு தடவை பூட் ஆவதற்குள் (தொடங்குவதற்குள்) ஒரே டிரைவர் பல முறை பாதிவரை போய்த் திரும்புவது சாதாரணம். ஒவ்வொரு திரும்பலிலும் உங்கள் பிழைப் பாதை ஓடுகிறது. அதில் ஒரு கசிவு இருந்தால் யாரும் ஒரு சாதனத்தைக்கூடப் பிடுங்காமலேயே அது கசியும்.

சரி, டெவ்எம்முக்கு வருவோம். இதன் அடிப்படை டெவ்ரெஸ் என்ற ஏற்பாடு. டெஜுன் ஹியோ எழுதியது, 2007-ல் 2.6.21 பதிப்பில் சேர்ந்தது. ஏடிஏ வட்டுக் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கான லிப்ஏடிஏ பகுதியைப் புதிய மேப்பிங் முறைக்கு மாற்றப் போனபோது பிறந்த யோசனை இது. பழைய பிசிஐ ஐடிஇ கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றுக்கே 5 முகவரிப் பகுதிகளை மேப் செய்து, நினைவு வைத்துக்கொண்டு, பிரியும்போது ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த டிரைவர்களின் திருப்பிக் கொடுக்கும் கோடில் பிழைகள் இருந்தன என்று டெவ்ரெஸ் ஆவணமே ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது.

வேலை செய்யும் விதம் எளிமையானது. ஒவ்வொரு சாதனத்தின் ஸ்ட்ரக்டிலும் ஒரு பட்டியல் தொங்குகிறது. டெவ்எம் என்று தொடங்கும் எந்த ஃபங்ஷனை அழைத்தாலும், அது ரிசோர்ஸை எடுத்துக் கொடுப்பதோடு, "இதை இப்படி விடுவிக்க வேண்டும்" என்ற குறிப்பையும் பட்டியலின் வாலில் சேர்த்துவிடும். ப்ரோப் தோற்றாலோ, டிரைவர் சாதனத்திலிருந்து பிரிக்கப்பட்டாலோ, கெர்னல் அந்தப் பட்டியலை வாலிலிருந்து தலைக்கு ஓட்டும். கடைசியாக எடுத்தது முதலில் போகும். செலவு என்று பார்த்தால், ஒரு குறிப்புக்குச் சில பாயிண்டர்கள் அளவு இடம், அதோடு அலைன்மென்டுக்காகப் போகும் கொஞ்ச இடம். ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளை டெவ்எம்மில் எடுத்தாலொழிய இது ஒரு பொருட்டே இல்லை.

ஆக, மூன்று இடத்தில் எழுதிய வரிசை ஒரே இடத்துக்கு வந்துவிடுகிறது. ப்ரோப்பில் எடுக்கும் வரிசையை ஒழுங்காக எழுதினால், தலைகீழ் வரிசை அதிலிருந்து தானாகவே பிறக்கும். மெமரிக்கு டெவ்எம்_கேஇசட்அலாக், ரெஜிஸ்டர்களுக்கு டெவ்எம்_பிளாட்ஃபார்ம்_ஐஓரீமேப்_ரிசோர்ஸ், இன்டரப்டுக்கு டெவ்எம்_ரிக்வெஸ்ட்_த்ரெடட்_ஐஆர்க்யூ. ஒவ்வொன்றும் தோற்றால் உடனே ரிட்டர்ன், அவ்வளவுதான். பிழைச் செய்தியையும் டெவ்_எர்_ப்ரோப் என்ற ஃபங்ஷனிடம் விட்டுவிடுங்கள். 517 வந்தால் அது வீணாகக் கத்தாது, காரணத்தை மட்டும் பத்திரமாகக் குறித்து வைக்கும். மற்றப் பிழைகளைப் பதிவில் எழுதும். எண்ணைத் திருப்பியும் தருவதால் ரிட்டர்னோடு ஒரே வரியில் போட்டுவிடலாம்.

கிளாக், ரெகுலேட்டர் விஷயத்தில் மட்டும் ஒரு சின்னப் பொறி உண்டு. டெவ்எம்_கிளாக்_கெட் என்பது கிளாக்கின் கைப்பிடியைத்தான் பட்டியலில் சேர்க்கும். அதை நீங்கள் ஆன் செய்தது அதற்குத் தெரியாது. ஆஃப் செய்வது இன்னும் உங்கள் பொறுப்பு. பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள்: "டெவ்எம் போட்டுவிட்டேனே" என்று இருந்துவிடுவார்கள், டிரைவர் போன பிறகும் கிளாக் ஓடிக்கொண்டே இருக்கும். எடுப்பதையும் ஆன் செய்வதையும் சேர்த்துச் செய்யும் டெவ்எம்_கிளாக்_கெட்_எனேபிள்ட் 2022-ல்தான் வந்தது. ரெகுலேட்டருக்கும் அதே காலத்தில் ஒன்று வந்தது. உங்கள் கெர்னல் அதற்கும் பழையது என்றால் அடுத்த பத்தியில் சொல்வதைப் பயன்படுத்துங்கள்.

டெவ்எம் வடிவம் இல்லாத எந்த வேலையையும் பட்டியலில் சேர்க்க டெவ்எம்_ஆட்_ஆக்‌ஷன்_ஆர்_ரீசெட் என்று ஒன்று இருக்கிறது. என்னைக் கேட்டால் இந்த ஏற்பாடு முழுவதிலும் மிக உருப்படியான ஃபங்ஷன் இதுதான். ஒரு சின்ன ஃபங்ஷனையும் அதற்கு வேண்டிய பாயிண்டரையும் கொடுக்கிறீர்கள், அது பட்டியலில் போய் உட்கார்ந்துகொள்கிறது. சிப்பை ரீசெட்டில் தள்ளுவது, ஃபர்ம்வேரை நிறுத்துவது, வொர்க் க்யூவில் (பிற்பாடு ஓட வைத்த வேலைகளின் வரிசை) இருக்கும் வேலையை ரத்து செய்வது, எதுவானாலும் சரி. பெயரின் கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். பட்டியலில் சேர்ப்பதற்கே மெமரி கிடைக்காமல் போனால், கொடுத்த ஃபங்ஷனை அங்கேயே ஓட்டிவிட்டுத்தான் பிழையைத் திருப்பித் தரும். அதனால் இதன் தோல்விக்கும் நீங்கள் ஒன்றும் துடைக்க வேண்டியதில்லை, ரிட்டர்ன் செய்தால் போதும். ரீசெட் இல்லாத அண்ணன் ஒன்றும் உண்டு. அதன் பக்கம் போகாதீர்கள்.

இனி முதலில் சொன்ன வரிசைக்கு வருகிறேன். உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

டிரைவர் பிரியும்போது கெர்னல் முதலில் உங்கள் ரிமூவை அழைக்கும். அது முழுதாக ஓடி முடிந்த பிறகுதான் டெவ்எம் பட்டியலைத் தொடும். ஆகவே நீங்கள் கையால் விடுவிக்கும் எல்லாமே, டெவ்எம் விடுவிக்கும் எல்லாவற்றுக்கும் முன்னால் போய்விடும், எந்த வரிசையில் எடுத்திருந்தாலும். ஒரு கட்டடத்துக்குக் கட்டிய சாரத்தை இரண்டு பேர் பிரிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தான் கட்டிய கம்புகளை மட்டும், அவை எந்த அடுக்கில் இருந்தாலும், முதலில் உருவிக்கொண்டு போய்விடுகிறார். மற்றவர் அப்புறம் வந்து மேலிருந்து ஒழுங்காகப் பிரிக்கிறார். முதல் ஆளின் கம்புகள் எல்லாம் மேல் அடுக்கில் இருந்தால் பிரச்சினை இல்லை. கீழ் அடுக்கில் ஒன்று இருந்தாலும் சாரம் சரியும்.

இதில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். ஒரு சிப்புக்குள் இருக்கும் ஏடிசி (அனலாக் சமிக்ஞையை எண்ணாக மாற்றும்) பகுதிக்கான டிரைவர். யாரோ பாதி மாற்றி வைத்திருந்தார்கள்: இன்டரப்ட் டெவ்எம்முக்குப் போயிருந்தது, கிளாக் கையிலேயே இருந்தது. மாட்யூலை ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தால் எப்போதாவது ஒரு தடவை போர்டு அப்படியே உறைந்துவிடும். ஊப்ஸ் (கெர்னல் பிழை) செய்தி கிடையாது, சீரியல் கன்சோலில் ஒரு எழுத்து வராது. இரண்டு நாள் போனது. காரணம் தெரிந்தபோது சிரிப்புத்தான் வந்தது. ரிமூவ் கிளாக்கை நிறுத்துகிறது. இன்டரப்ட் ஹேண்ட்லர் (இன்டரப்ட் வந்தால் ஓடும் ஃபங்ஷன்) இன்னும் உயிரோடு இருக்கிறது, ஏனென்றால் அதை விடுவிக்கும் டெவ்எம் பட்டியல் இன்னும் ஓடவில்லை. அந்த இடுக்கில் ஹேண்ட்லர் ஓடி ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் படிக்கிறது. அந்தச் சிப்பில் கிளாக் இல்லாத பகுதியைப் படித்தால் பஸ் பதிலுக்காகக் காத்துக்கொண்டே நிற்கும், முழு சிஸ்டமும் கூடவே நிற்கும்.

எழுதியவர் முட்டாள் இல்லை. கிளாக்கை நிறுத்தும் முன் ஏடிசியின் இன்டரப்டுகளை அவர் மாஸ்க் செய்துதான் (வராமல் அடைத்துத்தான்) வைத்திருந்தார். இனி எதுவும் வராது என்று நம்பியிருக்கிறார். ஆனால் அந்த இன்டரப்ட் லைனை இன்னொரு பகுதியும் பகிர்ந்துகொண்டிருந்தது. பகிர்ந்த லைனில் யார் குரல் கொடுத்தாலும் அதில் பதிவான எல்லா ஹேண்ட்லர்களும் ஓடும். "என்னுடையதா?" என்று பார்க்கத்தான் நம் ஹேண்ட்லர் ரெஜிஸ்டரைப் படித்தது. கிளாக்கையும் டெவ்எம்முக்கு மாற்றி, இன்டரப்டுக்கு முந்தின வரியில் வைத்தேன். ரிமூவில் மிச்சம் எதுவும் இல்லாமல் போனது, அதையும் அழித்துவிட்டேன். உறைவது நின்றது.

ஆகவே பாதி மாற்றும்போது ஒரே ஒரு விதி: மேலிருந்து கீழாக மாற்றுங்கள். ப்ரோப்பின் முதல் வரியிலிருந்து தொடங்கி எத்தனை படிகளை டெவ்எம்முக்குக் கொண்டுபோக முடியுமோ கொண்டுபோங்கள். எங்கே முதல் கையால் செய்யும் படி வருகிறதோ, அதற்குக் கீழே உள்ள எல்லாமே கையால்தான். டெவ்எம் படிகள் அடித்தளத்தில், கைப்படிகள் உச்சியில், நடுவில் கலப்பு கூடாது. மற்றவர்கள் அனுப்பும் பேட்ச்களை (கோடு மாற்றங்களை) படிக்கும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான். "இன்டரப்டை டெவ்எம்முக்கு மாற்றினேன், 3 வரி மிச்சம்" என்று தனியாக ஒரு பேட்ச் வந்தால், அந்த 3 வரியின் மேலே கையால் எடுத்தது ஏதாவது இருக்கிறதா என்று பார்க்காமல் ஒப்புக்கொள்வதில்லை. இன்டரப்ட் எப்போதும் வரிசையின் கடைசிப் பக்கம் இருப்பது. அதை முதலில் மாற்றுவது சாரத்தை அடியிலிருந்து பிரிப்பதற்குச் சமம்.

வொர்க் க்யூவோ டைமரோ இருந்தாலும் இதே கணக்குத்தான். ஹேண்ட்லர் ஒரு வொர்க்கை ஷெட்யூல் செய்கிறது என்றால், அந்த வொர்க்கை ரத்து செய்யும் ஆக்‌ஷனை இன்டரப்டைக் கேட்பதற்கு முன்பே சேர்த்துவிடுங்கள். பிரியும்போது முதலில் இன்டரப்ட் போகும், பிறகு வொர்க் ரத்தாகும். மாற்றிப் போட்டால் ரத்து செய்த மறுகணமே ஒரு இன்டரப்ட் வந்து வொர்க்கை மறுபடி கிளப்பிவிடும், அது ஓடும்போது அதன் மெமரி போயிருக்கும்.

பழைய டிரைவர்களில் இன்னொரு கூத்தும் பார்க்கலாம். ரிமூவ் நடுவில் ஏதோ தோற்றதும் பிழை எண்ணோடு ரிட்டர்ன் செய்திருப்பார்கள், கெர்னல் "சரி, பிரிக்க வேண்டாம்" என்று விட்டுவிடும் என்ற நினைப்பில். கெர்னல் அதைப் பொருட்படுத்தியதே இல்லை. டெவ்எம் பட்டியல் வழக்கம்போல ஓடிவிடும், ரிமூவின் மீதிப் பாதி மட்டும் ஓடாமல் கிடக்கும். இந்தக் குழப்பத்தை ஒழிக்கத்தான் பிளாட்ஃபார்ம் டிரைவர்களின் ரிமூவ் எதையும் திருப்பித் தராத ஃபங்ஷனாக மாற்றப்பட்டது. பல ஆண்டுகளாக ஒவ்வொரு டிரைவராக மாற்றி 2024-ல்தான் அந்த வேலை முடிந்தது.

இப்போது டெவ்எம் செய்யவே கூடாத இடம். டெவ்எம்மின் ஆயுள் டிரைவரும் சாதனமும் சேர்ந்திருக்கும் காலம் மட்டுமே. உங்கள் டிரைவர் பயனர் நிரல்களுக்கு ஒரு சாதனக் கோப்பைத் திறந்து கொடுக்கிறது என்று வையுங்கள். ஒரு நிரல் அதைத் திறந்து வைத்திருக்கும்போது யுஎஸ்பி வயரைப் பிடுங்குகிறார்கள். ரிமூவ் ஓடுகிறது, டெவ்எம் பட்டியல் ஓடுகிறது, உங்கள் ஸ்ட்ரக்டின் மெமரி போய்விடுகிறது. நிரலோ இன்னும் கோப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது க்ளோஸ் செய்யும்போது உங்கள் ரிலீஸ் ஃபங்ஷன் அழைக்கப்படும், கையில் செத்த பாயிண்டர். "என் சிப் போர்டில் பற்றவைத்தது, யாரும் பிடுங்க முடியாது" என்பீர்கள். சிஸ்எஃப்எஸ்ஸில் (கெர்னல் விஷயங்களைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) இருக்கும் அன்பைண்ட் கோப்பில் ரூட் ஒரு பெயரை எழுதினால் போதும், பற்றவைத்த சிப்பும் பிரிந்துவிடும்.

இது தெரியாத்தனமாக எல்லா இடத்திலும் பரவிவிட்ட தவறு. டெவ்எம்_கேஇசட்அலாக் ஏன் தீங்கானது என்ற தலைப்பிலேயே 2022 லினக்ஸ் பிளம்பர்ஸ் மாநாட்டில் லாரன்ட் பின்சார்ட் பேசினார். தலைப்பு கொஞ்சம் காரம்தான், ஆனால் சொன்னது சரி. பிரித்துப் பார்க்க வேண்டியது இரண்டு வகை ரிசோர்ஸை. வன்பொருளைத் தொடுபவை ஒரு வகை: ரெஜிஸ்டர் மேப், இன்டரப்ட், கிளாக், ரெகுலேட்டர். சாதனம் போனதும் இவற்றுக்கு அர்த்தமே இல்லை, டெவ்எம் இவற்றுக்கு மிகப் பொருத்தம். மற்றது, பயனர் நிரல் வழியாகத் தொடக்கூடிய மெமரி. அதைப் பிடித்திருக்கும் கடைசி ஆள் விடும்வரை அது இருந்தாக வேண்டும், ஆகவே அது ரெஃபரன்ஸ் எண்ணிக்கையோடு (எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற கணக்கோடு) வாழ வேண்டும். கிராஃபிக்ஸுக்கான டிஆர்எம் பகுதியில் இதற்கென்றே 2020-ல் டிஆர்எம்எம் என்று தொடங்கும் ஃபங்ஷன்களைக் கொண்டுவந்தார்கள். யோசனை டெவ்எம்முடையதே. பட்டியல் மட்டும் சாதனத்தில் தொங்காமல் டிஆர்எம் பொருளில் தொங்குகிறது, கடைசி ரெஃபரன்ஸ் போகும்போதுதான் ஓடும். இப்படி மெமரி தப்பினாலும் வன்பொருள் போய்விட்டது என்பதை ஒவ்வொரு ஃபைல் ஆபரேஷனிலும் சோதிக்க வேண்டும் என்பது தனி வேலை. அதற்கு அங்கே டிஆர்எம்_டெவ்_என்டர், எக்ஸிட் என்ற ஜோடி இருக்கிறது.

வெப்பநிலை போன்றவற்றைக் கவனிக்கும் ஹெச்டபிள்யூமான், சென்சார்களுக்கான ஐஐஓ போன்ற சப்சிஸ்டங்களில் சின்ன சென்சார் டிரைவர் எழுதுகிறவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. கோப்பு, ரெஃபரன்ஸ் எல்லாவற்றையும் சப்சிஸ்டமே பார்த்துக்கொள்ளும், அதன் டெவ்எம் பதிவு ஃபங்ஷன்களைக் கூப்பிட்டால் போதும். இப்படி ரிமூவே இல்லாத சென்சார் டிரைவர்கள் இன்று ஏராளம்.

சின்னச் சின்னத் தவறுகள் சிலவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டெவ்எம்மில் எடுத்த மெமரியைக் கேஃப்ரீயில் (சாதாரண விடுவிப்பு ஃபங்ஷன்) விடாதீர்கள், பட்டியல் ஓடும்போது இரண்டாவது தடவை விடப்படும். பயனர் நிரல் கோப்பைத் திறக்கும்போதும் கட்டளை அனுப்பும்போதும் ஓடும் ஓப்பன், ஐஓசிடிஎல் ஃபங்ஷன்களுக்குள் டெவ்எம் அழைக்காதீர்கள். ஒவ்வொரு அழைப்பும் பட்டியலில் ஒரு குறிப்பைச் சேர்க்கும், டிரைவர் பிரியும்வரை எதுவும் போகாது, பெயருக்குக் கசிவு இல்லை, நடைமுறையில் கசிவுதான். ப்ரோப்புக்குள்ளேயே பிறந்து அங்கேயே முடியும் தற்காலிக பஃபருக்கும் டெவ்எம் வேண்டாம்.

அந்தத் தற்காலிக விஷயங்களுக்கு இப்போது வேறு கருவி வந்துவிட்டது. பீட்டர் ஜில்ஸ்ட்ரா எழுதிய கிளீனப் தலைப்புக் கோப்பு 2023-ல் 6.5 பதிப்பில் சேர்ந்தது. ஜிசிசி, கிளாங் கம்பைலர்கள் தரும் கிளீனப் ஆட்ரிபியூட்டின் மேல் கட்டியது. மாறியை அறிவிக்கும்போதே அது எல்லை தாண்டும்போது எப்படி விடுவிக்க வேண்டும் என்று சொல்லிவிடலாம். மியூடெக்ஸ் என்ற பூட்டுக்கு கார்டு என்று ஒரு வரி போட்டால், ஃபங்ஷன் எந்த ரிட்டர்னில் வெளியேறினாலும் பூட்டு திறந்துகொள்ளும். பாயிண்டரை வெளியே கொடுத்துவிட்டுப் போகும்போது நோ_ஃப்ரீ_பிடிஆர் மூலம் "இது இனி என்னுடையதல்ல" என்று சொல்ல வேண்டும். வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீயின் குழந்தை நோடுகளைச் சுற்றிவரும் லூப்பிலிருந்து நடுவில் ரிட்டர்ன் செய்து நோடின் ரெஃபரன்ஸைக் கசிய விடுவது டிரைவர்களின் ஆதிகாலத் தவறு. பெயரின் முடிவில் ஸ்கோப்ட் என்று வரும் லூப் மேக்ரோக்கள் அதற்கு முற்றுப்புள்ளி வைக்கின்றன.

இங்கேயும் வரிசைதான் பிடிக்கும். அறிவித்த வரிசைக்குத் தலைகீழாகத்தான் கிளீனப் நடக்கும். பழைய வழக்கப்படி எல்லா மாறிகளையும் ஃபங்ஷனின் தலையில் வெற்றுப் பாயிண்டராக அறிவித்துவிட்டு, கீழே கார்டு போட்டுப் பூட்டை எடுத்தீர்கள் என்றால், வெளியேறும்போது முதலில் பூட்டு திறக்கும், அதன் பிறகே பொருள் விடுவிக்கப்படும். பூட்டுக்குள் விடுவிக்க வேண்டிய பொருள் என்றால் அது பிழை, கண்ணுக்கும் தெரியாது. அதனால்தான் அறிவிப்பையும் எடுப்பதையும் ஒரே வரியில், தேவைப்படும் இடத்திலேயே வைக்கச் சொல்கிறார்கள். ஒரே ஃபங்ஷனில் கோ-டூவையும் இதையும் கலக்க வேண்டாம் என்றும் அந்தக் கோப்பின் ஆவணம் எச்சரிக்கிறது. முழுதாக மாற்றுங்கள், அல்லது பழையபடியே விட்டுவிடுங்கள்.

லினக்ஸுக்கு வெளியே போனாலும் இதே சிந்தனைதான். விண்டோஸில் டிரைவர் எழுத உதவும் கேஎம்டிஎஃப் சட்டகத்தில் எல்லாமே பெற்றோர்-குழந்தை மரம். சாதனம் போனால் அதன் கீழ் உருவான க்யூ, டைமர், மெமரி எல்லாம் கூடப் போகும். யாரைப் பெற்றோராக வைக்கிறீர்கள் என்பதுதான் அங்கே ஆயுளைத் தீர்மானிக்கும். ரஸ்ட் மொழியில், எல்லை தாண்டியதும் தானாக விடுவிக்கும் டிராப் மொழிக்குள்ளேயே இருக்கிறது. ஆனாலும் லினக்ஸின் ரஸ்ட் பகுதியில் டெவ்ரெஸ் என்ற டைப் ஒன்று தேவைப்பட்டிருக்கிறது. ரெஜிஸ்டர் மேப்பை அதற்குள் வைத்தால், சாதனம் பிரிந்ததும் உள்ளே இருப்பது பறிக்கப்படும், பிறகு தொடப்போகிறவருக்கு "இல்லை" என்ற பதில்தான் கிடைக்கும். மெமரியின் ஆயுள் வேறு, வன்பொருளின் ஆயுள் வேறு என்பதை டைப் சிஸ்டமே சொல்ல வைத்திருக்கிறார்கள். மேலே நான் இரண்டு வகை என்று பிரித்தது அங்கே கம்பைலர் கேட்கும் கேள்வியாகிவிட்டது.

மாற்றி முடித்ததும் எப்படிச் சோதிப்பது? கெர்னல் அமைப்பில் டீபக்_டெஸ்ட்_டிரைவர்_ரிமூவ் என்று ஒன்று இருக்கிறது. அதை ஆன் செய்தால் கணினி பூட் ஆகும்போது ஒவ்வொரு டிரைவரையும் ப்ரோப், ரிமூவ், மறுபடி ப்ரோப் என்று ஓட்டும். மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் கேஏசானையும் கூட ஆன் செய்யுங்கள், செத்த மெமரியைத் தொட்டால் கையும் களவுமாகப் பிடிக்கும். டீபக்_எஸ்ஹெச்ஐஆர்க்யூ என்பது பகிர்ந்த இன்டரப்டை விடுவிக்கும்போது வேண்டுமென்றே ஹேண்ட்லரை ஒரு தடவை அழைத்துப் பார்க்கும். அது அன்றே ஆன் ஆகியிருந்தால் என் ஏடிசி போர்டு முதல் தடவையிலேயே உறைந்திருக்கும், இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும். பிழைப் பாதைக்கு, வேண்டுமென்றே தோல்விகளைப் புகுத்தும் ஃபால்ட் இன்ஜெக்‌ஷன் இருக்கிறது. அதை அமைக்கச் சோம்பலாக இருந்தால் என் நாட்டுப்புற வழி: ப்ரோப்பின் ஒவ்வொரு படிக்கும் பின்னால் தற்காலிகமாக ஒரு ரிட்டர்ன் -12 (மெமரி இல்லை என்ற பிழை) போட்டு, ஒவ்வொன்றாக இடம் மாற்றி, மாட்யூலை ஏற்றிப் பார்ப்பது. உங்கள் டிரைவரில் 6 படி என்றால் 6 தடவை, அரை மணி நேர வேலை.

உங்கள் 180 வரியைப் பொறுத்தவரை இப்படிச் செய்யுங்கள். ஒரு தாளில் படிகளை எடுக்கும் வரிசையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் டெவ்எம் வடிவம் இருக்கிறதா, இல்லையென்றால் ஆக்‌ஷனாகச் சேர்க்க முடியுமா என்று குறியுங்கள். மேலிருந்து தொடங்கி, ஒரு படிக்கு ஒரு கமிட் என்று மாற்றுங்கள். லேபிள்களும் கீழிருந்து ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். கடைசிப் படி சாதனக் கோப்பைப் பதிவு செய்வதாக இருந்தால் அதையும், பயனர் நிரல் தொடும் ஸ்ட்ரக்டையும் மட்டும் டெவ்எம்மில் சேர்க்காமல் விடுங்கள். ஸ்ட்ரக்டுக்கு ஒரு கேரெஃப் (ரெஃபரன்ஸ் எண்ணி) கொடுத்து, ப்ரோப்பின் முதல் படியிலேயே டெவ்எம் ஆக்‌ஷன் மூலம் டிரைவரின் பங்கு ரெஃபரன்ஸை விடச் சொல்லுங்கள், பட்டியலில் அது கடைசியாக ஓடும். ரிமூவில் அப்புறம் இரண்டே வரி மிஞ்சும்: கோப்பின் பதிவை நீக்குவது ஒன்று, இனி வன்பொருளைத் தொடாதே என்ற கொடியைப் பூட்டுக்குள் ஏற்றுவது ஒன்று. அந்த இரண்டையும் தூக்க முயல வேண்டாம்.